ராணியின் பாட்டுக்கு விழுந்த பூட்டு

ராஜாக்களும் இருந்தார்கள், கணினியும் வந்துவிட்டது. அப்படி ஒரு காலத்தில் வெள்ளாற்று நாட்டைக் கோதண்டவர்மர் ஆண்டுவந்தார். அவருடைய ராணி செண்பகவல்லி இறந்துபோயிருந்தாள். அவள் பாடிய பதினேழு பாட்டுகளும் அரண்மனை லினக்ஸ் கணினியில், அரசருக்கென ஒதுக்கிய ‘வீட்டு அடைவு’ என்ற இடத்துக்குள், ஒரு கோப்புறையில் பதிவாகி இருந்தன. அந்தி சாய்ந்ததும் அரசர் ஒன்றைக் கேட்பார். கேட்டால்தான் சோறு இறங்கும்.

பழைய கணினி பழுதானது. தண்டநாயகர் விக்கிரமர் புதியது வாங்கி, எல்லாவற்றையும் தாமே அதற்கு மாற்றிவிட்டு, பழையதை உடைத்துப் போட்டார். அன்று அந்தியில் அரசர் கோப்புறையைத் திறக்கப் போனால், ‘அனுமதி இல்லை’ என்றது கணினி.

“யாருக்கு அனுமதி இல்லை? என் நாடு, என் வீடு, என் மனைவி பாடியது!” சபையில் அரசர் கத்தினார். “இன்றைக்குள் திறக்காவிட்டால் இதை ஆற்றில் எறிவேன்!”

மந்திரி திருவேங்கடர் வாய் திறப்பதற்குள் விக்கிரமர் முந்திக்கொண்டார். “இதற்கு மந்திரி எதற்கு அரசே? அனுமதியை 777 என்று மாற்றினால் போதும். யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.”

“யார் வேண்டுமானாலும் அழிக்கலாம்” என்றார் மந்திரி. “சோதனைக்கு முதலில் உங்கள் அடைவுக்கு அப்படிச் செய்து பார்ப்போமா?”

விக்கிரமர் முகம் வெளுத்தது. “அதெப்படி! அதில் என் சொந்த விஷயங்கள்...”

“ராணியின் பாட்டு மட்டும் ஊருக்குப் பொதுவா?”

சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை.

மந்திரி கோப்புறையின் உரிமையாளர் யாரென்று பார்த்தார். உடனே சமையல்காரர் சொக்கலிங்கத்தை வரவழைத்து, “உன் பெயரில் நுழைந்து இதைத் திற அப்பா” என்றார். திறந்தது. பதினேழு பாட்டும் இருந்தன.

“சத்தியமா நான் எடுக்கலீங்க மகாராஜா! காய்கறிக் கணக்குதானுங்க நான் பார்க்கிறது!”

அரசர் தம்மை மறந்து சிரித்துவிட்டார்.

“கணினி நம்மைப் பெயரால் அறிவதில்லை அரசே, எண்ணால் அறியும்” என்றார் மந்திரி. “பழையதில் நீங்கள் 1001. புதியதில் தண்டநாயகர் சமையல்காரரை முதலில் சேர்த்ததால் அந்த எண் இவருக்குப் போயிற்று, உங்களுக்கு 1002. பாட்டுகள் பழைய எண்ணோடு வந்து இவர் உடைமையாகிவிட்டன. பூட்டில் குறையில்லை. உரிமையாளரைத்தான் மாற்ற வேண்டும்.”

கோப்புறையையும் உள்ளிருந்த பதினேழையும் அரசர் பெயருக்கு மாற்றினார். சொக்கலிங்கம் மறுபடி முயன்றார், திறக்கவில்லை.

அரசர் முத்துமாலையை மந்திரிக்கு அணிவித்தார். “என் ராணியைப் பத்திரமாக வைத்திருந்தாய்” என்று சொக்கலிங்கத்துக்குப் பட்டு வேட்டி கொடுத்தார். “நீர் இனி மந்திரியைக் கேட்காமல் கணினியைத் தொடாதீர்” என்றதும் விக்கிரமர் தலைகுனிந்தார்.

எல்லோரும் போனபின் அரசர் ஒரு பாட்டைப் போட்டார். பதிவின் நடுவில் கதவு திறக்கும் ஓசை, பாட்டு நின்றது. “யாரது? தட்டிவிட்டு வரக்கூடாதா? ராஜா என்றால் அனுமதி வேண்டாமா?” என்றாள் செண்பகவல்லி.

“வேண்டும் செண்பகம்” என்றார் அரசர்.

அன்றிலிருந்து அந்தக் கோப்புறையைத் திறக்குமுன் மேசையை மெல்லத் தட்டுவார். சற்றுக் காத்திருந்துதான் திறப்பார்.