வேலிக்கு மேலே நாற்பது வாத்து

"சாமி, நம்ம ஓடை செத்துப்போச்சு" என்றாள் கோசலை.

பாறைச்சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வயசில் அவளுக்குத் தம்பி மாதிரி. ஆனாலும் அவருக்கு அவள் சிஷ்யை.

"யாரு சொன்னா?"

"என் வாத்துதான். நாற்பதும் பத்து நாளா தண்ணியில இறங்கல. வாயில வச்சுப் பார்த்தேன், கரிக்குது. பாறையைப் பிளந்து கேஸ் எடுக்குறோம்னு வந்தாங்களே, அதுக்கப்புறம்தான்."

"போய்க் கேட்டியா?"

"கேட்காம? ஊருக்குள்ள அவங்க ஆபீஸ்ல கேட்டேன். இந்த ஓடைத் தண்ணியே எப்பவும் அப்படித்தாங்கிறாங்க. இன்னைக்குச் சாயங்காலம் கறிக்கடைக்காரர் வர்றார். வாத்தைப் பிடிச்சுக் குடுத்துட்டு, பிள்ளைகளோட திருப்பூருக்கு பஸ் ஏறிடுவேன்."

சாமி கத்தியைக் கீழே வைத்தார்.

"வாத்தை ஓட்டிக்கிட்டு வா."

ஓட்டி வந்தாள். சாமி தண்ணிச் சொம்போடு கிளம்பி, கரையில் மேற்கே திரும்பினார்.

"அட, அந்தப் பக்கம் எதுக்கு? தண்ணி போற பக்கமாத்தானே வாத்து ஓட்டுவாங்க! கல்யாணமாகி வந்ததிலேருந்து நான் மேல போனதே இல்ல."

"வாத்து ஒண்ணும் சொல்லலையே."

"அதுக்குப் பேச்சு வந்தா உங்களை ஏசியிருக்கும், சாமி."

கரையை ஒட்டிக் கம்பிவேலி வந்தது. உள்ளே கேஸ் கிணறு, பக்கத்தில் கழிவுக்குட்டை. குட்டையின் கரை விரிசல் விட்டு, சாம்பல் தண்ணி ஓடைக்குள் கசிந்துகொண்டிருந்தது.

வாத்துகள் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டின.

வேலியைத் தாண்டி நூறடி போயிருப்பார்கள்.

பொளக்!

முதல் வாத்து குதித்தது. அப்புறம் எது முன்னே, எது பின்னே என்று யார் கண்டது! ஓடையே இறக்கையாகிவிட்டது.

கோசலையும் முழங்கால் தண்ணியில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"இனிக்குது, சாமி!"

"செத்துப்போச்சுன்னியே."

கோசலை வாத்துகளைப் பார்த்தாள். திரும்பி வேலியைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

சாமி கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினாள்.

"அது நான் குடிக்கிற சொம்பு, கோசலை."

"இருக்கட்டும்." முக்கி எடுத்தாள். வாத்துக்கம்பை அவர் கையில் திணித்தாள். "இதுங்களைப் பார்த்துக்குங்க. கறிக்கடைக்காரர் வந்தா வாத்து விலைக்கு இல்லைன்னுடுங்க."

"நீ எங்க போற?"

"வீட்டுல இன்னொரு சொம்பு எடுத்து, வேலிக்குக் கீழ மொள்ளணும். ரெண்டையும் அவங்க மேசையில வைக்கிறேன். எது இந்த ஓடைத் தண்ணின்னு அவங்களே சொல்லட்டும்."