ஜன்னல்ல நின்ன சிவப்பு மாடு

போர்வைக்குள்ள காலை வெச்சுக்கோ, கொசு கடிச்சா காய்ச்சல் வரும். ம் சொல்லிட்டே கேளு.

ஹாலந்துல வாய்க்கால் கரையில ஒரு ஊர். அந்த ஊர்ல வொப்பேன்னு ஒரு ஓவியன். படகுக் கொட்டகை மாடியில தனியா இருந்தான். சாயத்தைக் கத்தியால அள்ளி, அடை மாவு மாதிரி கெட்டியா, பொத் பொத்துன்னு அப்புவான். அவன் வரைஞ்சா வானம் பச்சை, மரம் ஊதா, பாதிரியார் முகம் மஞ்சள். அதனால ஒரு வீட்டுலயும் அவன் படத்தை மாட்டல. அந்த ஊர்ல ஜன்னலுக்குத் திரையே போட மாட்டாங்க, சுவத்துல இருக்கிறது தெருவுக்கே தெரியும். ஆனா உள்ள பார்க்கிறது மரியாதை இல்லைன்னு எல்லாரும் கழுத்தை விறைப்பா வெச்சுக்கிட்டுப் போவாங்க. ம்?

அந்தத் தெருவுல எல்ஸ்கான்னு ஒரு பொண்ணு. பனிக்கட்டியில சர்ர்ருன்னு சறுக்கி, தொப்புன்னு விழுந்து, கால் உடைஞ்சு போச்சு. உன்னை ஓடாதேங்கறேனே, கேட்கறியா? பாவம், ஜன்னலோரக் கட்டில்லயே கிடந்தா. வெளிய டக் டக்னு மரச்செருப்பு சத்தம் போகும், ஒரு தலையும் திரும்பாது. யாருமே என்னைப் பார்க்க மாட்டேங்கறாங்கன்னு அழுதா.

அப்போ அவங்க வீட்டுக்குப் பால் வாங்க வந்த வொப்பே அதைக் கேட்டான். கொட்டிலுக்குப் போய் அவங்க மாட்டையே வரைஞ்சு கொண்டு வந்தான். செக்கச் செவேல்னு ஒரு மாடு.

"நம்ம மாடு கறுப்பு வெள்ளைதானே மாமா?"

"பார்த்தா அப்படித்தான். குளிருக்கு அது மேல சாஞ்சா எப்படி இருக்கும்?"

"கதகதன்னு."

"அதைத்தான் வரைஞ்சேன்."

தெருவே சிரிக்கும், படத்தை ஜன்னல்ல மாட்டக் கூடாதுன்னா அம்மா. எல்ஸ்கா கஞ்சியைத் தள்ளி வெச்சிட்டா. அப்புறம் அம்மா, ஒரே ஒரு நாள்தான்னு டொக் டொக்னு ஆணி அடிச்சா.

முதல்ல ரொட்டிக்காரர் வந்தார். கழுத்து நேரா, கண்ணு மட்டும் கோணலா. தாங்க முடியல. மாடு இப்படியா இருக்கும்னு திட்டிக்கிட்டே உள்ள வந்து, எல்ஸ்காவுக்கு ஒரு சூடான ரொட்டி வெச்சார். அப்புறம் கோயில் மணி அடிக்கிறவர் வந்தார். நீலமா இருந்தா தேவலைன்னு அவர் ஒரு பக்கம், சிவப்புதான்னு எல்ஸ்கா ஒரு பக்கம், வாய்ச்சண்டை. அதுல மத்தியான மணி அடிக்கவே மறந்துட்டார். ம்? தூங்கிட்டியா? சரி.

மணி அடிக்காம அந்த ஊர்ல யாரும் சாப்பிட மாட்டாங்க. வயிறு கடமுடன்னு கத்த, ஊரே அவரைத் தேடிக்கிட்டு வந்துச்சு. மூணாவதா வந்தது அந்தக் கும்பல்தான். தட தட தடன்னு வீடு நிறைஞ்சு போச்சு. எல்லாரும் மாட்டைப் பார்த்தாங்க, அப்படியே எல்ஸ்காவையும் பார்த்தாங்க. கால் எப்படிம்மா இருக்குன்னு கேட்டாங்க.

ராத்திரி அம்மா படத்துக்கிட்ட போனா. கழட்டத்தான் போறான்னு எல்ஸ்கா மூச்சைப் பிடிச்சுக்கிட்டா. அம்மா இன்னொரு ஆணி அடிச்சா.

"காத்துல விழுந்துடக் கூடாது பாரு."

வொப்பே கத்தியைத் துடைச்சு வெச்சிட்டான், சிவப்பு மாடும் படுத்துடுச்சு, இனி நீயும் கண்ணை மூடு.