லைட் பிடிக்க ஓர் ஆள்

எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்க இன்னாசி வந்தார். கூடவே அவர் மனைவி ஜெனோவாவும் வந்தாள். கல்தேரா தன் வீட்டு முற்றத்துத் தொட்டியில் முக்குளிக்கும் உடைகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற பலருக்குச் சிலிண்டர் மாட்டி இறங்கக் கற்றுக்கொடுத்தவர் கல்தேரா. ஒரு காலத்தில் கடலுக்கடியில் வீடியோவும் எடுத்தார். பிறகு விட்டுவிட்டார். சீடரான இன்னாசி அவரைவிட ஆறு வயது மூத்தவர். இருந்தாலும் இன்னாசி அவரை மாஸ்டர் என்பார். கல்தேரா இவரை அண்ணே என்பார்.

"தீவுக்குப் படகு விடுற கம்பெனிக்காரன் ஒரு வீடியோ கேக்கான் மாஸ்டர். கடலுக்கடியில எடுத்தது. பத்து நிமிஷம் போதுமாம். நல்லா இருந்தா மாசச் சம்பளத்துக்கு வச்சிக்கிடுதேங்கான்."

"எப்போ கொடுக்கணும்?"

"மாசக் கடைசிக்குள்ள. விட்டா வேற ஆளுக்குப் போயிரும். சங்குக்கு இனி என்னால ஆழமா இறங்க முடியாது. ஒரு காது கேக்கல."

"இன்னொரு காது நான் பேசினா மட்டும் கேக்காது," என்றாள் ஜெனோவா.

கல்தேரா சிரிக்கவில்லை. உடையைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"கையில எவ்வளவு இருக்கு?"

"நாப்பதாயிரம். அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது."

"அப்போ பெரிய கேமரா நினைப்பை விடுங்க. சட்டைப்பையில அடங்குற சின்னக் கேமரா போதும். பழசே வாங்கலாம். ஆனா முதல்ல தண்ணி புகாத பெட்டியைத் தேடுங்க. நல்ல பெட்டி எந்தக் கேமராவுக்குக் கிடைக்குதோ, அந்தக் கேமராவை வாங்குங்க. கேமராவை வாங்கிட்டுப் பெட்டிக்கு அலையாதீங்க."

"பெட்டிக்குள்ள தண்ணி ஏறிட்டா, தம்பி?" என்று ஜெனோவா கேட்டாள்.

"முதல் நாள் கேமரா வீட்டுலயே இருக்கட்டும் மதினி. வெறும் பெட்டிக்குள்ள டிஷ்யூ பேப்பரை வச்சு மூடிக் கீழ கொண்டு போங்க. பேப்பர் நனையாம மேல வந்தா மறுநாள் கேமராவை இறக்கலாம்."

"கேமராவுக்கு இவ்வளவு மரியாதையா? என்னைய முதல் நாளே இறக்கி விட்டுட்டீங்களே."

"நீங்க நனைஞ்சா காய்ஞ்சிருவீங்க மதினி."

இப்போது இன்னாசி சிரித்தார். ஜெனோவா போன மாதம்தான் இங்கே சிலிண்டர் மாட்டப் பழகியிருந்தாள். இதுவரை பதினோரு தடவை இறங்கியிருந்தாள்.

"அடுத்தது லைட்," என்றார் கல்தேரா. "எட்டுப் பாகம், அம்பது அடி ஆழத்துல சிவப்பே இருக்காது. சிவப்பு மீன் கரிக்கட்டை மாதிரி வரும். லைட் அடிச்சாத்தான் நிறம் திரும்பும்."

"எத்தனை லைட் வேணும்?"

"ரெண்டு. கேமராவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. கம்பி போட்டுக் கேமராவை விட்டுத் தள்ளி நிறுத்தணும். ஒட்டி வச்சா தண்ணியில கிடக்கிற தூசியெல்லாம் மின்னிப் படம் கெட்டுரும்."

இன்னாசி கொஞ்சம் யோசித்தார். வரும் வழியிலேயே யோசித்து வைத்தது போலவும் இருந்தது.

"ரெண்டு லைட்டும் கம்பியும் நமக்குக் கட்டாது மாஸ்டர். ஒரே லைட் வாங்குதேன். இவ பிடிச்சிக்கிடுவா. எப்படியும் தனியா இறங்கக் கூடாது, ஜோடிக்கு ஒரு ஆளு வேணும்னு சொல்லிக் குடுத்திருக்கீங்க. அந்த ஆளு சும்மாதான வருது."

"சும்மா வருதா?" என்றார் கல்தேரா.

"சம்பளமும் கிடையாது," என்றாள் ஜெனோவா.

இன்னாசி தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதுதான் லைட் என்றார். ஜெனோவா முற்றத்தின் மறுபக்கம் போய் நின்று கையை நீட்டினாள்.

"இன்னும் தள்ளிப் போ. கையை உசத்து. ஆட்டாத. கிட்ட வராத, நீயும் படத்துல விழுவ. நான் எந்தப் பக்கம் திரும்புதேனோ அந்தப் பக்கம் அடி. என்னையப் பாக்காத, மீனைப் பாரு."

"வீட்டுல சொல்பேச்சு கேக்கலங்கீங்க. இங்க கேக்கேன்லா?"

அவள் கையை ஆட்டாமல் பாட்டிலைப் பிடித்திருந்தாள். நன்றாகவே பிடித்திருந்தாள்.

கல்தேரா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள வாங்க. ஒரு வீடியோ பாக்கலாம்."

அறையில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. மூவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். படத்தில் முதலில் மணலும் பாறையும் வந்தன. பிறகு ஒரு திருக்கை மீன் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கூட்டமாக வந்தன. வெளிச்சம் பட்ட முதுகெல்லாம் செம்பழுப்பாக இருந்தது. ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது.

"இந்த மாதிரி ஒண்ணு கிடைச்சாப் போதும்," என்றார் இன்னாசி. "எந்தக் கேமரா மாஸ்டர்?"

"உங்களுக்குச் சொன்ன மாதிரி சின்னதுதான்."

"எத்தனை லைட்?"

"ஒண்ணு."

"பாத்தியா?" என்று இன்னாசி மனைவியிடம் சொன்னார்.

படத்தில் வெளிச்சம் ஆட ஆரம்பித்தது. திருக்கைகளின் முதுகில் இடமும் வலமுமாக ஓடியது. இன்னாசி உச்சுக் கொட்டினார்.

"கெடுத்துட்டானே. லைட் பிடிச்ச ஆளு சரியில்ல."

படத்தின் ஓரத்தில் ஒரு கை வந்தது. விரல்களைச் சேர்த்து முன்னே நீட்டி, அப்படியே நின்றது. பிறகு போய்விட்டது.

"இது யார் கை?"

"என் கை."

"என்ன சொல்லுதீங்க?"

"நேராப் பிடின்னு சொல்லுதேன்."

வெளிச்சம் ஆடாமல் நின்றது. திருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் நுழைந்து வெளியே போயின. இன்னாசி எண்ணினார். பதினேழு இருந்தன.

"சொன்னதும் கேட்டுட்டானே. பரவாயில்ல, நல்ல ஆளுதான். யாரு மாஸ்டர்?"

"தொம்மை."

இன்னாசி திரும்பிப் பார்த்தார். கல்தேராவோடு ஜோடியாக இறங்கிவந்த தொம்மை கடலில் செத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அதைப்பற்றிக் கல்தேரா யாரிடமும் பேசியதில்லை. அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை.

படத்தில் வெளிச்சம் மெதுவாகச் சரிந்தது. திருக்கைகள் சாம்பல் நிறமாகிப் பிறகு நீலத்தில் கரைந்தன. கடைசியில் கொஞ்சம் மணல்தான் பளிச்சென்று தெரிந்தது. கல்தேரா படத்தை நிறுத்தினார்.

ஜெனோவாவின் மடியில் இன்னும் அந்தப் பாட்டில் இருந்தது. அவள்தான் கேட்டாள்.

"தம்பி, அவரு லைட்டை எதுக்கு ஆட்டினாரு?"

"அவன் சிலிண்டர்ல காத்து தீந்துக்கிட்டு இருந்துச்சு மதினி. முதல்ல கையால சைகை காட்டியிருப்பான். நான் கேமரா திரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். லைட்டை ஆட்டினாலாவது பாப்பேன்னு நினைச்சிருக்கான்."

"நீங்க பாத்தீங்களே."

"லைட்டைப் பாத்தேன்."

இன்னாசி நிறுத்தி வைத்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மாசக் கடைசிக் கெடு நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம விஷயம் அப்படி இல்ல மாஸ்டர். எட்டுப் பாகம்தான். இவ சிலிண்டர்ல எவ்வளவு இருக்குன்னு அப்பப்ப பாத்துக்கிடுவேன்."

"நானும் அப்பப்பதான் பாத்தேன்."

"இருந்தாலும் தொம்மை பழகின ஆளு. மூச்சு முட்டுதுன்னா எல்லாத்தையும் போட்டுட்டுக் கிட்ட வந்து உங்களத் தொட்டிருக்கலாமே?"

கல்தேரா லேப்டாப்பை மூடினார்.

"தொட்டா கேமரா ஆடும். கிட்ட வந்தா படத்துல விழுவான். அதனால ரெண்டும் கூடாதுன்னு திட்டித் திட்டிப் பழக்கியிருந்தேன். அவனைப் பழக்க எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. மதினியைப் பழக்க உங்களுக்கு எத்தனை நாளாகும் அண்ணே?"