கைதட்டலுக்கு மயங்கிய எலி

செங்கண்ணன், குன்றிமணி என்று இரண்டு வெள்ளை எலிகள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரே கூண்டில் இருந்தன. எலி வழி தேடி ஓடும்போது அதன் மூளை என்ன செய்கிறது என்று பதிவு செய்ய, செங்கண்ணனின் தலைக்குள் முடியைவிட மெல்லிய கம்பி ஒன்றைச் செருகியிருந்தார்கள். மூளையில் ஒரு நரம்பணு துடித்தால் போதும், கம்பியின் மறுமுனையில் மேசைமேல் இருந்த ஒலிபெருக்கி படபடவென்று சத்தம் போடும்.

தரையில் அட்டைச் சுவர் வைத்துப் பாதை கட்டியிருந்தார்கள். அதன் இடப்பக்க மூலைக்குப் போனால் மட்டும் அந்த அணு துடிக்கும். மற்ற இடங்களில் வாயே திறக்காது. செங்கண்ணன் இதையெல்லாம் யோசித்ததா? தனக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டது.

ஒரு நாள் இரண்டையும் பாதையில் விட்ட மாணவி, போன் அடித்ததும் வெளியே ஓடினாள். பாதையின் வாசலைச் சாத்தவில்லை, அறைக் கதவையும் சாத்தவில்லை. தோட்டத்து ஈரமண் வாசனை குப்பென்று உள்ளே வந்தது.

"அண்ணே, கதவு திறந்திருக்கு! ஓடி வா!" என்றது குன்றிமணி.

செங்கண்ணன் மூலையில் நின்றது. படபட, படபட.

"கேக்குதா? இவ்வளவு பேர் ரசிக்கிறப்போ பாதியில எப்படிப் போறது?"

"எவ்வளவு பேர்? ரூம்ல ஒரு ஈ கூட இல்ல."

"மறைஞ்சு நின்னு ரசிக்கிறாங்க."

"நானும் அதே மூலைக்குத்தானே போனேன். எனக்கு ஒருத்தரும் தட்டலையே?"

"அதுக்கெல்லாம் ஒரு முகராசி வேணும்டி."

"கம்பி உன் தலையில இருக்கு. சத்தமும் அங்கிருந்துதான் வருது. கடிச்சு அறுத்து விடறேன், தலையைக் காட்டு."

"தொடாதே! பொறாமைக்காரி."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. குன்றிமணி பாதையின் வாசலுக்கு ஓடித் திரும்பிப் பார்த்தது. "கடைசியாக் கேக்கறேன், வரியா இல்லையா?"

செங்கண்ணன் வாசல் பக்கம் நாலு எட்டு வைத்தது. ஒலிபெருக்கி அடங்கிப்போனது.

"பாத்தியா? நான் போறது அவங்களுக்குப் பிடிக்கல!" என்று சொல்லிவிட்டு மூலைக்கே திரும்பியது. படபட, படபட. அதற்கு மீசையெல்லாம் சிலிர்த்தது.

குன்றிமணி பாய்ந்தது. மாணவியின் கால்களுக்கு நடுவே புகுந்து, படியில் உருண்டு, புல்லுக்குள் மறைந்தது. அவள் அலறிக்கொண்டு கதவை அறைந்து சாத்தினாள். அந்த மூலையில் செங்கண்ணன் இன்னும் தலையை ஆட்டி நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தூக்கிக் கூண்டில் போட்டுக் கொக்கியை மாட்டினாள்.

தன் தலைக்குள் எழும் சத்தத்தை ஊரார் கைதட்டல் என்று நம்புகிறவனுக்கு, திறந்த கதவும் சுவர்தான்.