சுவர் தின்னக் கேட்ட குரல்

கடல் இன்னும் தன் கரையை முடிவு செய்துகொள்ளாத காலத்தில், வெண்சுவரூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே எல்லா வீட்டுச் சுவர்களும் வெள்ளை. மழை பெய்தால் அவற்றிலிருந்து இனிப்பான வாசனை வரும். அந்தப் பூச்சு மண்ணை ஊருக்குக் கொடுத்தவன் வெளுப்பன் என்ற மந்திரவாதி. கூலியாக அவன் எதையும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று ஊரும் அவனைக் கேட்கவில்லை.

அந்த ஊரில் ஒரு சட்டம் இருந்தது. மசக்கைக்காரி கேட்பதெல்லாம் வயிற்றுப் பிள்ளை கேட்பது. யாரும் மறுக்கக் கூடாது. அங்கே வயிற்றுப் பிள்ளை வாய்விட்டே கேட்கும். கேட்பதும் ஒன்றைத்தான்.

"அம்மா, கொஞ்சம் சுவர்."

தாய்மார் சுரண்டித் தின்றார்கள். பிறந்த பிள்ளைகள் அழவில்லை. பிறந்தபோதும் அழவில்லை, விழுந்தபோதும் அழவில்லை. வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். எங்கள் பிள்ளைகளால் தொந்தரவே கிடையாது என்று ஊர் பெருமைப்பட்டது.

சிவந்திக்கு ஆறாம் மாதம். கிணற்றடியில் நிற்கும்போது முதல்முறையாக அந்தக் குரல் கேட்டது.

"அம்மா, கொஞ்சம் சுவர்."

அவள் கணவன் வேம்பன் ஓடிப்போய் ஒரு கரண்டி சுரண்டிக்கொண்டு வந்தான். தித்திப்பாக இருந்தது. இரண்டாம் நாள் இரண்டு கரண்டி. மூன்றாம் நாள் மூன்று கரண்டி. அன்று மத்தியானம் சிவந்தி அடுப்பங்கரையில் அப்படியே நின்றாள்.

"ஏங்க, காலையிலேர்ந்து இது உதைக்கவே இல்ல."

"இப்பத்தானே பேசுச்சு?"

"பேசுது. ஆனா உதைக்கல."

வேம்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை. இருவரும் காத்தாயியிடம் போனார்கள். காத்தாயி வேறு ராஜ்யத்திலிருந்து வந்த மருத்துவச்சி. வந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

"எங்க ஊர்ல வயித்துப் பிள்ளை பேசாது," என்றாள் காத்தாயி. "உதைக்கும், புரளும், அவ்வளவுதான்."

"இங்க பேசுதேக்கா."

"அதான் எனக்கும் குழப்பமா இருக்கு." காத்தாயி வயிற்றில் கைவைத்து வெகுநேரம் பார்த்தாள். மெதுவாக ஒரு அசைவு வந்த பிறகுதான் கையை எடுத்தாள். "மண்ணு, சாம்பல், செங்கல்லுன்னு நாக்கு கேட்கும். ரத்தம் குறைஞ்சாலும் கேட்கும். ஆனா இந்த மண்ணுல என்ன இருக்குன்னு நீ பாத்தியா?"

"வெளுப்பருக்குத்தான் தெரியும்."

"அப்ப மூணு நாள் தின்னாதே. கீரை, கேப்பை, முட்டை தின்னு. சாப்பிட்டதும் இடப்பக்கமா சாஞ்சு படுத்து உதையை எண்ணு. குறைஞ்சா அந்த நிமிஷமே என்கிட்ட வா. விடியட்டும்னு இருக்காதே."

"சட்டம் இருக்கே," என்றான் வேம்பன்.

"சட்டம் போட்டவர் எத்தனை பிள்ளை பெத்தார்?"

முதல் நாள் குரல் கேட்டது. சிவந்தி கொடுக்கவில்லை. கீரை தின்று படுத்தாள். நான்கு உதை.

இரண்டாம் நாள் குரல் கெஞ்சியது. "அம்மா, பசிக்குது. அம்மா, கொஞ்சம் சுவர்." வேம்பன் கரண்டியும் கையுமாக வாசலில் நின்றான். "கேக்குதே, சிவந்தி. நம்ம பிள்ளைதானே?" பிள்ளையைப் பட்டினி போடுகிறோமா, காப்பாற்றுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. கரண்டியை ஒருமுறை வாங்கினாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள். ஏழு உதை.

மூன்றாம் நாள் குரல் மிரட்டியது. "சுவர் தராட்டி நான் பிறக்கவே மாட்டேன்."

சிவந்தி எழுந்து சுவர் வரைக்கும் போனாள். நகத்தை வைத்தாள். அப்போது இடது விலாவுக்குக் கீழே பலமாக ஒரு உதை விழுந்தது.

அவள் நகத்தை எடுத்தாள். "இப்ப எந்தப் பக்கம் உதைச்சே?" என்று கேட்டாள்.

"வலப்பக்கம்," என்றது குரல்.

கொஞ்ச நேரம் கழித்து அடிவயிற்றில் ஒன்று. "இப்ப?"

"மேலே."

பிறகு வயிறு அடங்கியது. பிள்ளை தூங்கியிருக்க வேண்டும். "இப்ப?"

"இடப்பக்கம், அம்மா."

"இப்ப அது உதைக்கவே இல்ல," என்றாள் சிவந்தி. "நீ யாரு?"

அவள் வாயிலிருந்து வெள்ளைப் புகைபோல ஒன்று வெளியேறி, சுவரைத் தடவிக்கொண்டு அரண்மனைப் பக்கம் போனது. அங்கே மேல்மாடத்தில் அதை அனுப்பிய வெளுப்பன் இருந்தான். ஒரு பிள்ளையின் முதல் அழுகையைத் தின்றால் அவனுக்கு ஆயுள் ஒரு வருஷம் கூடும். அழுகை தொண்டைக்கு வருமுன் அதைக் கரைத்தெடுக்கத்தான் அந்த மண்.

சிவந்தி அன்றே புறப்பட்டாள். ஊரில் அவளுக்குப் பிறகு பெறவேண்டியவர்கள் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போய் அந்த மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தாள். ஆறு குரல்களும் தப்பாகச் சொல்லின, ஆறும் ஓடின. ஒருத்தி மட்டும் கோபித்துக்கொண்டாள். "இத்தனை நாள் ஆசையா பேசிட்டிருந்துச்சு. இப்ப வயிறு வெறிச்சுன்னு இருக்கு." சிவந்தி அவள் கையைப் பிடித்து உதை விழும் இடத்தில் வைத்தாள். அடுத்த உதை விழும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

நாள் போகப் போக வெளுப்பன் மெலிந்தான். மாதம் நிறைந்ததும் சிவந்திக்கு வலி கண்டது. பிள்ளையைக் காத்தாயி கையில் வாங்கினாள். பெண். துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள். வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. வேம்பன் பதறி உள்ளே வந்தான். "என்ன சத்தம் அது? ஏதாச்சும் ஆயிருச்சா?"

"அழுவுது," என்றாள் காத்தாயி.

"ஏன்? வலிக்குதா?"

"தெரியல. அழட்டும், விடுங்க."

அதைக் கேட்ட நொடியில் வெளுப்பன் மேல்மாடத்தில் ஒரு படி மாவாக உதிர்ந்தான். மறுநாள் காற்று அதையும் கொண்டுபோனது. அவன் தின்ற அழுகைகள் விடுபட்டன; அடுத்த வீட்டுப் பிள்ளை அழ வாயைத் திறந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒன்று. தெருக் கோடியில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, எதற்கென்று தெரியாமல், எப்போதோ விழுந்து தழும்பான முழங்கையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். சில பிள்ளைகள் அன்று அழுதன. சில ஒரு மாதம் கழித்து அழுதன. சில பிள்ளைகள் அழவே இல்லை. கதையால் அவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

நடந்ததைக் கேள்விப்பட்ட ராஜா சுவர்களையெல்லாம் சுரண்டச் சொன்னார். பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, காத்தாயியை அரண்மனை மருத்துவச்சியாக்கினார். அவள் தனியாக வரமாட்டேன் என்றதால் சிவந்தியையும் சேர்த்துக்கொண்டார்.

சிவந்திக்கு அன்றைக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பிள்ளை வீரிட்டுக்கொண்டிருந்தது. "பசியா, பயமா, என்னன்னு எப்படிக்கா தெரிஞ்சுக்கறது?" என்றாள்.

"இப்பத்தானே வந்திருக்கு, போகப் போகத் தெரியும்," என்று காத்தாயி பிள்ளையை அவள் மார்பில் கிடத்தினாள்.