அலமாரி மேல் ரப்பர் ஸ்டாம்பு

எங்கள் நூற்பாலையில் சங்கு ஊதிய காலத்தில், ஆலை மருந்தகத்துக் கம்பவுண்டர் தவசிமுத்து மாலையில் அக்குபங்சர் ஊசியும் போடுவார். ஆள் குள்ளம். மேனேஜர் சபேசன் நெட்டை. ஆனால் வலது தோள் இறுகிப்போய், ஆறு மாதமாக அவருக்குச் சட்டை மாட்டிவிடுவதே மனைவிதான்.

ஒருநாள் சபேசன் ஒரு தாளோடு வந்தார்.

"இந்த ஊசி எல்லாம் வெறும் நம்பிக்கைய்யா. எனக்கு அது கிடையாது. எனக்குக் கேட்குதான்னு பார்ப்போம். கேட்கலைன்னா இந்தா, தடை உத்தரவு."

தவசிமுத்து அவரை உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே ஊசியைச் செருகினார்.

"தோள் வலிக்குக் கால்லயா?" சபேசன் சிரித்தார். பெஞ்சில் காத்திருந்த நாங்களும் சிரித்தோம்.

இருபது நிமிஷத்தில் ஊசியை உருவிவிட்டு, "உத்தரவுல மருந்தக ஸ்டாம்பு வைக்கணும் சார். அலமாரி மேல இருக்கு. எனக்கு எட்டாது, ஸ்டூல் தேடிட்டு வர்றேன்" என்றார்.

"தள்ளுய்யா" என்று எழுந்த சபேசன், கையை உயர்த்தி ஸ்டாம்பை எடுத்தார். வலது கை.

பெஞ்சிலிருந்து நாங்கள் அந்தக் கையைப் பார்த்தோம். அவரும் தன் கையையே பார்த்தார்.

"எப்படிய்யா இது?"

"நரம்புன்னு சிலர் சொல்றாங்க, சக்தி ஓடுற பாதைன்னு சிலர். எனக்கு முழுசாத் தெரியாது சார். வெறும் நம்பிக்கைன்னும் சொல்வாங்க. அதை மட்டும் நம்பிக்கையில்லாத நீங்களே இன்னைக்குப் பொய்யாக்கிட்டீங்க."

ஆலை மூடி முப்பது வருஷம் ஆகிறது. எப்போதும் மேசையில் கிடக்கும் ஸ்டாம்பு அன்று எப்படி மேலே போனது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. உத்தரவில் படாமலே அலமாரி மேல் திரும்பிய அது, கடைசிவரை கீழே இறங்கவுமில்லை.