கிரீச்சிடும் கதவும் நாலு சொட்டு எண்ணெயும்

குளக்கரைப் புளியமரப் பொந்தில் வள்ளிக்கண்ணு என்ற எலி ஐந்து குட்டிகளோடு குடியிருந்தது. யாரோ வீசியெறிந்த அலமாரிக் கதவுதான் அதன் வாசற்கதவு. அது சாய்ந்து தரையில் உரசும். தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடக்கும். லேசாகத் தொட்டாலே கீல் 'கிரீச்ச்' என்று ஊரைக் கூட்டும்.

காட்டுப்பூனை சொக்கப்பனுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. இரண்டு தடவை, எலிகள் தூங்கும் பகல் நேரமாகப் பார்த்துக் கதவில் கை வைத்தது. இரண்டு தடவையும் 'கிரீச்ச்!' என்று கேட்டதுமே, வந்தது யார் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் எலிக் குடும்பம் பின்பக்கச் சின்ன ஓட்டை வழியே ஓடிவிட்டது.

மூன்றாம் தடவை சொக்கப்பன் கதவருகே போகவில்லை. எதிர் மரக்கிளையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"தங்கச்சி! பயப்படாதே! நான் இப்பல்லாம் மீனைத் தவிர வேற எதையும் தொடுறதில்லை. வீட்டுல ரிப்பேர் ஏதாவது இருந்தா சொல்லு. செலவில்லாம வழி சொல்றேன்!"

"கூரை ஒழுகுது அண்ணே!" என்றது வள்ளிக்கண்ணு.

"கூரை கிடக்கட்டும்! கதவு ஏன் இப்படிச் சாயுது? கீல் ஆணி ஆடுது, அதான்! அந்த ஓட்டைக்குள்ள தீக்குச்சியைச் செருகி ஆணியை முறுக்கு!"

வள்ளிக்கண்ணு செய்து பார்த்தது. கதவு நிமிர்ந்து நின்றது! அதற்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் சொக்கப்பன், "தாழ்ப்பாள்ல சோப்பைத் தேய்!" என்றது. தேய்த்ததும் தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போனது. நகம் பட்டாலே நகர்ந்தது.

"அண்ணே, அந்தக் கூரை..."

"அட, அதுக்கு என்ன அவசரம்! கீல்ல நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடு. அப்புறம் பாரு, உன் வீடு அரண்மனைதான்!"

வள்ளிக்கண்ணு எண்ணெய் விட்டது. கதவைத் திறந்தது. சத்தமே இல்லை! ஆசை தீராமல் மறுபடி திறந்து மூடியது. பெருமையாகத் திரும்பி, தூங்கிக்கொண்டிருந்த குட்டிகளைப் பார்த்தது.

ஒரு குட்டியின் காதுகூட அசையவில்லை.

'கிரீச்ச்' என்றாலே எழுந்து ஓடும் குட்டிகள்! அந்த நேரம் பார்த்து, இரவு மழையில் ஊறியிருந்த கூரையிலிருந்து ஒரு சொட்டு அதன் மூக்கில் விழுந்தது. 'ஒழுகுறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. மூணு யோசனையும் கதவுக்கு! அடப் பாவி!'

பிறகு மிச்சமிருந்த சோப்பைப் பார்த்ததும் அதற்குச் சிரிப்பு வந்தது. குட்டிகளைப் பின்பக்கம் வேருக்கடியில் ஒளித்துவைத்தது. அந்தச் சோப்பு முழுவதையும் தரையில் தேய்த்துத் தண்ணீர் தெளித்தது.

உச்சி வெயிலில் சொக்கப்பன் வந்தது. இடுக்கில் நகத்தை விட்டுத் தாழ்ப்பாளை நகர்த்தியது. கதவு சத்தமில்லாமல் திறந்தது. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு பாய்ந்தது.

சர்ர்ர்ர்!

நான்கு காலும் நான்கு பக்கம் போக, வழுக்கிக்கொண்டே போய்ப் பின்பக்க ஓட்டையில் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. ஓட்டைக்கு வெளியே வள்ளிக்கண்ணு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"வாங்க அண்ணே! மீன் வாங்கவா வந்தீங்க?"

"ஐயோ, கழுத்து நெரியுது! காப்பாத்து தங்கச்சி!"

"முதல்ல கூரைக்கு வழி சொல்லுங்க!"

"மெழுகை உருக்கிக் கந்தல் துணியை அதுல முக்கி ஓட்டையை அடை! சொல்லிட்டேன்ல? கழுத்துல கொஞ்சம் சோப்பு தேயேன்!"

"ஐயையோ, சோப்பு தீர்ந்துபோச்சே அண்ணே! எல்லாத்தையும் உங்க காலுக்கடியிலதான் தேய்ச்சேன்!"

வேருக்கடியில் குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. சொக்கப்பன் சாயங்காலம் வரை இழுத்துப் பறித்து, பாதி மீசையை அங்கேயே விட்டுவிட்டு ஓடியது. அதன் பிறகு அந்தக் குளக்கரைப் பக்கமே வரவில்லை.

வள்ளிக்கண்ணு, சொக்கப்பன் சொன்னபடியே கூரையை அடைத்தது. பிறகு கீலில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டது. கதவைத் தள்ளிப் பார்த்தது.

'கிரீச்ச்!'

அன்று ஆறு எலிகளும் நிம்மதியாகத் தூங்கின.

இலவசமாக யோசனை சொல்ல ஒருவர் வந்தால், அது வேலை செய்யுமா என்று மட்டும் பார்க்காமல், யாருக்காக வேலை செய்யும் என்றும் பார்க்க வேண்டும்.